கெட்டிமேளமும் வாணலியும்

நாளாக நாளாகக் கோபம் ஆறிவிடும் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. என் கோபங்கள் எதுவும் ஆறியதில்லை. மூன்றாம் வகுப்பில் என் பென்சில் பாக்ஸை மிதித்து உடைத்தவள் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இனிஷியலோடு சொல்வேன். ஆனால் அப்படிச் சேர்த்து வைத்த கோபங்களையெல்லாம் ஒரு தட்டிலும், கதிர் மேல் இருக்கும் கோபத்தை இன்னொரு தட்டிலும் வைத்தால், கதிரின் தட்டுதான் தரையில் போய் இடிக்கும்.

ஊரடங்குக் காலம். நாங்கள் நாலு பேர் ஓர் அணி. ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டு. விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து, கையில் கிடைத்ததை வைத்துச் சண்டை போட்டு, கடைசிவரை சாகாமல் இருக்க வேண்டும். நான் தி. நகர், கதிர் நந்தனம், சாதிக் கோபாலபுரம், நிவேதா அபிராமபுரம். நாலு வீட்டையும் ஒரு ஸ்கூட்டரில் சுற்றி வந்துவிடலாம், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்தது கிடையாது. விளையாட்டில் அறிமுகமாகி, வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில் ஒட்டிக்கொண்டவர்கள்.

ஹெட்செட்டை மாட்டிவிட்டால் நாலு வீடும் ஒரே வீடுதான். கடை மூடிக் கிடக்கும் எரிச்சலில் சாதிக்கின் அத்தா யாரிடமாவது போனில் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். கதிரின் அம்மா, "துணியை இப்பக் காயப் போடுறியா, இல்ல நான் போய்ச் சேர்ந்தப்புறம் போடுறியா?" என்று கேட்கும்போது, நாங்கள் மூன்று பேரும் "போடுடா!" என்று கத்துவோம். நிவேதாவின் அப்பா சில நாள் ஹெட்செட்டையே வாங்கி, "ஏம்மா உமா, உங்க பக்கம் கொத்தமல்லி கிடைக்கறதா?" என்று விசாரிப்பார். (நான் அப்போது ஒரு பாறைக்குப் பின்னால் குண்டடி பட்டு ஊர்ந்துகொண்டிருப்பேன். இருந்தாலும் பதில் சொல்வேன். நல்ல மனிதர்.)

இரண்டு பேரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒன்று, கதிர். அந்தத் தீவில் துப்பாக்கி, வெடிகுண்டு எல்லாம் கிடைக்கும். ஒரு வாணலியும் கிடைக்கும். ஊரில் உள்ளவனெல்லாம் துப்பாக்கியைத் தேடி ஓடும்போது இவன் மட்டும் வாணலியைத் தேடுவான். அதை வைத்து ஒருத்தன் மண்டையில் போட்டு ஜெயிப்பதுதான் அவன் வாழ்க்கை லட்சியம். இன்னொன்று, நிவேதா. "டேய் கஸ்மாலம், பின்னால ஆள் கீது, இன்னா வேடிக்க பாத்துக்கினு கீற?" என்பதுதான் அவள் தாய்மொழி என்று நாங்கள் நம்பியிருந்தோம். அவள் பின்னணியில் கேட்கும் "நிவி, காபி ஆறிண்டிருக்கு பாரு" என்ற குரலை டிவி சீரியல் என்றே வெகுநாள் நினைத்தேன்.

அவளுக்குக் கல்யாணம். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப் போனது. மூன்றாவது முகூர்த்தம் நெருங்கும்போது, வேலையாகக் கோவைக்குப் போன அப்பாவுக்கு அங்கேயே காய்ச்சல். பரிசோதனையில் பாசிட்டிவ். கோவையிலேயே ஓர் அறையில் தனியாகப் போட்டுவிட்டார்கள். "இன்னொரு தடவை தள்ளிப் போட்டா மாப்பிள்ளை மனசு மாறிடுவார். நீங்க நடத்துங்கோ" என்று அவரே சொல்லிவிட்டாராம்.

அவர்கள் வழக்கத்தில், பெண்ணை அப்பா மடியில் உட்கார வைத்துத்தான் தாலி கட்டுவார்கள். இப்போது சித்தப்பா மடி. அன்று சாயங்காலம் நாங்கள் யாரும் விளையாடவில்லை. நாலு பேரும் சும்மா லைனில் இருந்தோம். நிவேதாதான் முதலில் பேசினாள்.

"மடிதான் போச்சு மச்சி. எங்கப்பா பாக்கவாச்சும் பாக்கணும்."

அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அதைச் சொன்ன உமா இப்போது எதிரில் வந்தால் அறைந்துவிடுவேன்.

"லைவை என்கிட்ட விடு. நான் பார்த்துக்கறேன்."

எனக்கு என்ன தகுதி? வாராவாரம் எங்கள் விளையாட்டை நேரலையாக ஒளிபரப்புவேன். பார்வையாளர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணினால் அதில் எங்கள் விரல்களும் இருக்கும். இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான், இரு வீட்டுச் சொந்தமும் மொத்தமாகப் பார்க்கப் போகிற ஒரு கல்யாணத்துக்கு இயக்குநர் ஆனேன்.

வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இருந்ததால் என்னை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். கேமராவும் லேப்டாப்பும் என் பொறுப்பு. சாதிக் வீட்டிலிருந்தே உறவினர்களின் போன்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ("மாமி, அந்த முக்கோணத்தை அமுக்குங்க. இல்ல மாமி, போனைத் திருப்புங்க. நீங்க தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க." பாவம், காலையிலிருந்து இதே வேலை.) கதிருக்கு மிகச் சுலபமான வேலை. எங்கள் விளையாட்டு ஒளிபரப்பில் என் படம் நின்றுபோனால், தானாகவே கதிரின் திரை மேலே வந்துவிடும். அதே ஏற்பாட்டை இதற்கும் வைத்தேன். கல்யாணப் பத்திரிகையின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

"பிள்ளையார், ரெண்டு பேர் பேரு, அவ்வளவுதான். வேற எதையும் தொடாதே" என்றேன்.

"என்னை என்ன கொழந்தைன்னு நெனச்சியா?" என்றான்.

அபிராமபுரம் வீட்டு வாசலில் மாஸ்க்கோடு நின்ற என்னை, மடிசாரில் ஒரு பெண் ஓடி வந்து பார்த்து, "உமாவாடி நீ? வா வா, உள்ள வா. காபி சாப்பிடறியா?" என்றாள். குரல் தெரிந்த குரல். மொழிதான் யாருடையதோ. ஒரு நிமிடம் வீடு மாறி வந்துவிட்டேனோ என்றே நினைத்தேன்.

ஏசி போட்டால் கிருமி பரவும் என்று அதை அணைத்து வைத்திருந்தார்கள். கத்திரி வெயில். மணையில் சித்தப்பா பஞ்சகச்சத்தில், மாஸ்க்குக்குள் கொதித்துக்கொண்டிருந்தார். பெண் அவர் மடிக்கு வரும் நேரத்தில், "அந்த ஃபேனைப் போடுங்கோடா, நான் மயக்கம் போட்டுடப் போறேன்" என்று சொல்லியிருக்கிறார். யாரோ ஒரு புண்ணியவான் போர்டில் ஒரு பிளக்கைப் பிடுங்கி, ஃபேனைச் செருகினார். பிடுங்கியது கேமராவின் பிளக். அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஆனால் வாத்தியார் பக்கத்தில் வைத்திருந்த மைக் லேப்டாப்பில் செருகியிருந்ததால், அது மட்டும் உயிரோடு இருந்தது.

அந்த நேரத்தில் நான் லேப்டாப்பைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. நிவேதாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா மடியில் உட்காரும்போது அவள் கேமராவைப் பார்த்துத்தான் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். வாத்தியார் விரலை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார்.

காதில் சாதிக், "உமா, ஸ்க்ரீனைப் பாரு. அட அல்லா, உமா, ஸ்க்ரீனைப் பாரு!" என்று அலறினான்.

பார்த்தேன். நாதஸ்வரமும் தவிலும் முழங்க, வாத்தியார் மந்திரம் சொல்ல, திரையில் ஜட்டி மட்டும் போட்ட ஒருவன் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து பாய்ந்து, இன்னொருவன் மண்டையில் வாணலியால் போட்டுக்கொண்டிருந்தான். தவிலுக்குச் சரியாக அடி விழுந்தது. பக்கத்தில் வாழ்த்துகள் ஓடிக்கொண்டிருந்தன. "தீர்க்க சுமங்கலி பவ." "ஜோடிப் பொருத்தம் பிரமாதம்." "இது யார், மாப்பிள்ளையோட தம்பியா?" ஊர் ஊராக, வீடு வீடாக, அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த ஜனம் அத்தனையும், கெட்டிமேளம் கேட்டதும் வாணலிக்காரன் மேல் அட்சதை போட்டது.

"கதிர்! டேய் கதிர்!" என்றேன். பதில் இல்லை. விளையாட்டில் கவனம் சிதறக் கூடாது என்று எங்கள் எல்லாரையும் மியூட்டில் போட்டிருந்தான். சாதிக் செல்லில் கூப்பிட்டான். கட் பண்ணிவிட்டான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கேமரா ஒயரைப் பிடித்துக்கொண்டே, மணைக்குப் பின்னால் சுவரோரம் இருந்த போர்டுக்கு ஓடினேன். யார் யார் காலையோ மிதித்தேன். ஃபேனைப் பிடுங்கி, கேமரா பிளக்கைச் செருகும்போது மூன்று முடிச்சும் விழுந்து முடிந்திருந்தது. சித்தப்பா என்னை முறைத்தார். நானும் திருப்பி முறைத்தேன். கையிலிருந்த ஃபேன் பிளக்கால் அவரை ஒன்று போட்டிருப்பேன். கல்யாண வீடாயிற்றே என்று விட்டேன்.

நிவேதா திரும்பிக் கேட்ட முதல் கேள்வி, "அப்பா பாத்தாராடி?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா தன் போனில் அண்ணனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மணை மேல் வைத்துவிட்டார்.

"அப்பா, பாத்தியா?"

போனில் அப்பாவின் குரல். "பாத்தேம்மா. ரொம்ப நன்னா இருந்தது. திவ்யமா இருந்தது."

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. பெண்ணின் கல்யாணத்துக்கு ஒரு வாணலியைப் பார்த்துவிட்டு, திவ்யமாக இருந்தது என்று சொல்ல வேண்டிய நிலைமையில் அந்த மனிதரை நாங்கள் உட்கார வைத்திருந்தோம்.

அந்தப் பொய்யும் ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. நிவேதாவின் அம்மாவுக்கு மாம்பலத்திலிருந்து அத்தை போன். அத்தைக்குக் காது மந்தம், அதனால் ஊருக்கே கேட்கும்படி பேசுவார். "ஏண்டி, தாலி கட்டற நேரத்துல எவனோ வாணலியை வெச்சுண்டு ஒருத்தனை அடிக்கறானே, இது மாப்பிள்ளை ஆத்து வழக்கமா?"

வாணலி என்ற சொல் காதில் விழுந்ததும் நிவேதாவின் முகம் மாறியது. உலகத்தில் வாணலியோடு சண்டைக்குப் போகிறவன் ஒருத்தன்தான். அவள் எழுந்தாள். மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தோடு போட்ட முடிச்சு அவரையும் இரண்டடி இழுத்தது. என் தலையிலிருந்து ஹெட்செட்டைப் பிடுங்கி, தன் தலைப் பூவெல்லாம் நசுங்க மாட்டிக்கொண்டாள். சரியாக அந்த நேரத்தில்தான் கதிர் மியூட்டை எடுத்திருக்கிறான்.

"மச்சி, ஜெயிச்சுட்டேன்!"

"இன்னாடா ஜெயிச்ச? டேய் பேமானி, இன்னாடா ஜெயிச்ச நீ?" நாதஸ்வரம் நின்றது. வாத்தியார் கையிலிருந்த தர்ப்பை அப்படியே அந்தரத்தில் நின்றது. "எங்கப்பா அங்க ஒண்டியா ஒரு ரூம்புல குந்திக்கினு கீறாரு. போனைக் கையில வெச்சிக்கினு கீறாரு. உனக்கு வாணலி கேக்குதா? நீ சும்மா குந்தியிருக்கணும், அது ஒண்ணுதான்டா உன் வேலை! வந்தேன்னு வெச்சிக்க, அந்த வாணலியாலயே உன் மூஞ்சியப் பேத்துருவேன். அவரு மடியில நான் குந்தலடா. பாக்கக்கூட இல்லடா அவரு..."

சுட்டிய விரல் அப்படியே நின்றது. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை, முடிச்சின் இந்தப் பக்கத்தில், புதிதாக யாரையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போட்ட பிளக் இதற்குள் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. மணை மேல் கிடந்த போனிலிருந்துதான் அது தெரிந்தது.

"நிவி, படம் வந்துடுத்தும்மா." அப்பா. "கொஞ்சம் நிமிர்ந்து நில்லு. கழுத்துல தாலி நன்னா தெரியறது. ஆங், அப்படியே நில்லு. நீ வேணா திட்டிண்டே இரு, எனக்கு அவசரமில்லை."

அவள் நிமிர்ந்து நின்றாள். கூடம் முழுக்க அசையாமல் நின்றது. அவர் போதும் என்று சொல்ல வெகுநேரம் ஆனது.

பதினைந்து நாள் கழித்து அவர் நல்லபடியாக வீடு திரும்பினார். கட்டுப்பாடு தளர்ந்ததும் கதிரைச் சாப்பிடக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, "அன்னிக்கு ஜெயிச்சியோல்லியோ?" என்று கேட்டார். அவன், "ஜெயிச்சேன் மாமா" என்றான், வெட்கமில்லாமல், இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டே. அவர் மன்னித்துவிட்டார், நிவேதாவும் மன்னித்துவிட்டாள், நான் மன்னிக்கவில்லை. அந்த வீட்டில் இன்றைக்கும் எந்த விசேஷம் என்றாலும் வாத்தியார் கெட்டிமேளம் சொல்லும் முன் திரும்பி, "வாணலியெல்லாம் உள்ள வெச்சாச்சா?" என்று கேட்கிறார். மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு வசனம் இருக்கிறது. "அஞ்சு நிமிஷம் முன்னாடி திட்டியிருந்தா யோசிச்சிருப்பேன்."

அபிராமபுரம் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு கல்யாணப் படம்தான் மாட்டியிருக்கிறது. அப்பா கோவையில் உட்கார்ந்து தன் போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தது. மடிசார், நசுங்கிய மல்லிகை, அதன் மேல் ஹெட்செட், நீட்டிய விரல், திறந்த வாய், கழுத்தில் மஞ்சள் சரடு. வருகிறவர்களிடமெல்லாம், "என் பொண்ணு கல்யாணத்துல நான் பாத்தது இதான்" என்று பெருமையாகக் காட்டுகிறார். எல்லாரும் பார்த்து ரசித்துவிட்டு, படத்தின் ஓரத்தைக் காட்டி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

"அது யாரு, பிளக்கைப் பிடிச்சுண்டு முறைச்சுண்டு நிக்கறது? எலக்ட்ரீஷியனா?"

"ஆமாம்," என்கிறார் மாமா, நான் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது. "ரொம்பக் கோபக்காரி. ஆனா வேலை சுத்தம்."