மூன்றாம் மாடிப் பாலைவனம்

வாழி கணேசலிங்கம்! குளிர்தேசத்துப் பார்க் எக்ஸ்டென்ஷன் பேட்டையின் மூன்றாம் மாடிக் கோமான். சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் பெட்டி கட்டிச் சிவந்த கையன். கைபேசித் திரையில் கள்ளிகளையும் தனிக்குடில்களையும் கண்டு கண்டு, மின்கம்பி எட்டாத பாலைவனத்தில் ஓய்வுக்காலம் கழிக்கத் துணிந்த திண்ணெஞ்சன்! அவன் புகழை, வெயிலே, சுடாமல் நின்று கேள்.

அப்பெருங்கனவுக்கு எதிரே நின்றவள் அவன் இல்லக்கிழத்தி, பாலாம்பிகைப் பேரரசி. அவள் முழங்கிய ஆணை இது:

"முதல்ல இஞ்சை ஒரு நாள் இருந்து காட்டுங்கோ. காலமை ஆறிலையிருந்து பின்னேரம் ஆறு மட்டும் ஒரு வாளித் தண்ணி. ஒரு சுவிச்சிலையும் கை வைக்கக்கூடாது. வெண்டால் நானும் வாறன். தோத்தால் பாலைவனக் கதையே இந்த வீட்டிலை வேண்டாம்."

ஆடி மாதச் சனிக்கிழமை போர் மூண்டது. வெள்ளித்தாள் ஒட்டிய அட்டைப்பெட்டியாகிய சூரிய அடுப்பைப் பல்கனியில் நிறுத்தி, அதனுள் பருப்புச் சட்டியை ஏற்றி, பக்கத்து வீட்டு யோகராணி கொடியில் விரித்த படுக்கை விரிப்பின் நிழல் படையெடுத்து வரும்போதெல்லாம் பெட்டியை இடம்பெயர்த்து, கதிரவனைத் துரத்தித் துரத்தி, ஐந்து மணிநேரம் சமர் புரிந்தான் செம்மல். பருப்போ அரைவேக்காட்டிலேயே அடங்காது நின்றது. அப்படியே கடித்து விழுங்கினான். அசையாத மின்விசிறியை ஏறெடுத்தும் பார்த்தானில்லை. கோப்பை கழுவிய நீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு வார்த்தான். நாக்கு மட்டும் தேநீருக்குத் தவித்தது. பாவம், அவனுக்கு உண்மையிலேயே போகத்தான் ஆசை.

ஆறுக்கு இன்னும் ஐந்தே நிமிடம். பேரரசியின் முகம் வாடக் கண்டான். வென்றேவிட்டான்! வெற்றி தந்த வேலவனை வணங்காமல் கொண்டாடும் கயவனா அவன்? வாளியில் எஞ்சிய நீரில் முகம் கால் கழுவி, திருநீறு தரித்து, சுவாமியறையாய் மாறிய உடுப்பு அலுமாரியைத் திறந்து, எண்ணெய் விளக்கு ஏற்றினால் புகைமணி அலறுமென்று முருகன் படத்தின் முன் வைத்திருந்த மின்விளக்கை, இருபது ஆண்டுப் பழக்கம் விரலை நடத்த, கண்மூடி, பக்தி ததும்ப...

டக்.

வேல் ஒளிர்ந்தது. மயில் ஒளிர்ந்தது. பின்னால் கைகட்டி நின்ற பாலாம்பிகையும் ஒளிர்ந்தாள்.

"இஞ்சருங்கோ, சுவிச்சு."

"சாமிக்குப் போட்டது கணக்கிலை சேராது!" என்று வீரன் அறைகூவினான். நெஞ்சு உடைந்த கூவல் அது.

"அவரும் எங்களோடை இஞ்சையே இருக்கத்தான் விரும்பிறார் போலை."

பாலாம்பிகை மின்கேத்திலைப் போட்டு, அவனுக்கும் ஒரு தேத்தண்ணி ஊற்றினாள்.