முன் சீட்டுச் சட்டம்

"முடியாதவங்கன்னா யாரு அப்பு?"

ஜீப்பு முகப்பில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்துவிட்டு ராமுத்தாய் கேட்டாள். டிரைவர் ஜக்கையன் சாவியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான். வரப்புத் தகராறுக்குப் பன்னிரண்டு வருசம் கோர்ட்டுப் படி ஏறியவள் அவள்; லேசில் விடமாட்டாள்.

போடியிலிருந்து மலைப்பாதையில் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குத் தினமும் பொம்பளையாட்களைக் கொண்டுபோவது ஜக்கையன் சோலி. சீட்டுகளுக்கெல்லாம் புதுசாகத் துணிக் கவர் தைத்துப் போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறவர்களை இதில்தான் கூட்டிவர வேண்டும். அதற்குள் யாராவது வாந்தி எடுத்துத் தொலைத்தால் குடும்ப மானமே போச்சு! அதனால்தான் அட்டை: 'முன் சீட்டு முடியாதவங்களுக்கு மட்டும்.'

"எனக்கு முட்டுவலி."

"எனக்குப் பித்தம்."

ஆளாளுக்கு வழக்கு வைத்தார்கள். பதில் சொல்லிச் சொல்லியே வளைவுகளை உருட்டிக் கடந்தான் ஜக்கையன்.

வியாழக்கிழமை அட்டையை மாற்றினான்: 'வாந்தி வருகிறவர்களுக்கு மட்டும்.'

"ஏற்கெனவே எடுத்தவுகளா, இனிமே எடுக்கப் போறவுகளா?" என்றாள் ராமுத்தாய்.

"இனிமேதான் ஆத்தா."

"அதுக்கு அத்தாட்சி?"

மெட்டு போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே ஜீப்பை உருட்டினான்.

வெள்ளிக்கிழமை: 'டாக்டர் சர்ட்டிபிகேட் உள்ளவர்களுக்கு மட்டும்.' எட்டுப் பேரும் எட்டுக் காகிதம் நீட்டினார்கள். சுந்தரம்மாள் நீட்டியதைப் பார்த்து ஜக்கையன் தலையில் அடித்துக்கொண்டான்.

"இது மாட்டு டாக்டர் எழுதுனது ஆத்தா!"

"எந்த டாக்டர்னு நீ எழுதலையே அப்பு?" குறுக்கே விழுந்தாள் ராமுத்தாய்.

சனிக்கிழமை கொட்டை எழுத்தில் எழுதினான்: 'முன் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது.'

ராமுத்தாய் இரண்டு தரம் படித்தாள். "கேக்க ஒண்ணுமில்ல" என்று பின்னால் போய் உட்கார்ந்தாள். ஜக்கையனுக்கு மனசு நிறைந்துவிட்டது. சீட்டியடித்துக்கொண்டே வெரசா மெட்டு ஏறி, இறங்கிப் பின்கதவைத் திறந்தான்.

கவர் முழுக்க நாசம்.

"ஐயையோ! மூணு நாளா ஒருத்தரும் எடுக்கலையே ஆத்தா!"

"கவரைக் கழத்து அப்பு. தொவைச்சு, ஏலக்கா ஒணத்துற ஸ்டோருல போட்டுத் தர்றோம். நாளைக்கு மாப்ளை வீட்டுக்காரவுகளுக்குக் கமகமன்னு மணக்கும்" என்று தேற்றினாள் ராமுத்தாய்.

இந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த பவித்ரா வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க பதில் யோசிக்கிறப்ப மட்டுந்தாண்ணே வளைவுல மெதுவா ஓட்டுறீங்க. அதுக்காகத்தான் ஆத்தா தெனமும் கேள்வி கேட்டுச்சு."