ரெண்டும் மூணும் எத்தனை?

ஒரு காட்டில், மற்ற காடுகளில் வருகிற மாதிரியே, தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. இருந்தது ஒரே ஒரு குட்டை. விடிகாலையில் தண்ணீர் தெளிந்திருக்கும். எருமைகள் இறங்கிப் புரண்டு எழுந்த பிறகு மிச்சமிருப்பது வெறும் சேறு. யார் முதலில் குடிப்பது என்று தினமும் அடிதடி. சிங்கராஜா யோசித்தார். அவர் யோசித்தாலே யார் தலையிலாவது இடி விழப்போகிறது என்று அர்த்தம். "அறிவுள்ள பிராணியெல்லாம் காலையில குடிக்கட்டும். மத்ததுக எருமைக்கு அப்புறம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

சரி, அறிவை எப்படி அளப்பது? அதற்குக் கொக்கைப் பிடித்தார்கள். ஒற்றைக் காலில் நின்று மணிக்கணக்காக மீனையே பார்க்கிற பிராணியாயிற்றே, கவனத்தைப் பற்றி அதைவிட யாருக்குத் தெரியும்! கொக்கும் விறைப்பாகக் கரையில் 'விலங்கறிவு ஆராய்ச்சி நிலையம்' என்று பலகை மாட்டிவிட்டது. பரீட்சை இதுதான்: கொக்கு கூழாங்கற்களை இரண்டு குவியலாக வைக்கும். மொத்தம் எத்தனையோ அத்தனை தடவை தரையில் தட்ட வேண்டும். தேறினால் கழுத்தில் ஒரு ஓலை கட்டுவார்கள். கொக்கு மட்டும் பரீட்சை எழுதாமலே ஒன்றைக் கட்டிக்கொண்டது. ஓலை இருந்தால் தெளிந்த தண்ணீர்.

நரி தேறியது. குரங்கு தேறியது, நடுவில் இரண்டு கல்லைத் திருடியும்கூட. யானை தட்டிய தட்டில் பலகை கீழே விழுந்தது, ஆனால் விடை சரி.

வரிசையில் கடைசியாக நின்றவள் பூவாயி. கழுதை. ஊரில் ஒரு முரட்டு முதலாளிக்கு மூட்டை சுமந்து, அடி தாங்காமல் காட்டுக்கு ஓடி வந்தவள். சேற்றுத் தண்ணீர் குடித்துக் குடித்து அவள் குட்டிக்கு வயிற்றுப்போக்கு. எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாமல் புதரோரம் சுருண்டு கிடந்தது. எப்படியாவது ஓலை வாங்கியாக வேண்டும். பாவம், அவளுக்குக் கணக்கு சுத்தமாக வராது.

"இந்தாம்மா, அஞ்சும் நாலும் எத்தனை? தட்டு" என்றது கொக்கு.

பூவாயி தட்டினாள். கல்லைப் பார்க்கவில்லை, கொக்கையே பார்த்தாள். அவள் தட்டத் தட்டக் கொக்கின் கழுத்து மேலே மேலே ஏறியது. ஒன்பதாவது தட்டில் லேசாக இறங்கியது. அவள் குளம்பு அங்கேயே நின்றுவிட்டது. முதலாளி கம்பை எப்போது ஓங்குவான் என்று அவன் தாடை அசைவை வைத்தே கண்டுபிடித்து உயிர் பிழைத்தவள், அவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

"பலே! கழுதைக்குக் கணக்கு வருது!" என்று கொக்கு துள்ளியது.

நரிக்கு வயிறு எரிந்தது. "சார், அது கல்லையே பார்க்கல. உங்க மூஞ்சியத்தான் பார்க்குது."

"என் மூஞ்சியில விடையா எழுதி ஒட்டியிருக்கு?" என்று கொக்கு சீறியது. இருந்தாலும் ஆராய்ச்சி ஆராய்ச்சிதானே. நடுவில் தேக்கிலைகளால் ஒரு தடுப்பு கட்டி, மறுபடி கேட்டது. பூவாயி தட்டினாள். தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

"போதும்மா, தரை குழியாயிடுச்சு" என்றபடி தடுப்பைத் தாண்டி வந்தது கொக்கு. "உனக்குக் கணக்குத் தெரியாது. என்னைப் பார்த்துத் தட்டியிருக்கே."

"உங்க கழுத்து இறங்குறது உங்களுக்கே தெரியல, எனக்குத் தெரிஞ்சுதுல்ல சார்? அதுக்கு மார்க் கிடையாதா?"

"அது பாடத்திட்டத்துல இல்லை."

"எனக்கு வேண்டாம் சார். என் குட்டிக்கு மட்டும் ஒரு வாய்..." பூவாயி ஓவென்று அழுதாள். கழுதை அழுதால் காடே எழுந்துகொள்ளும். சிங்கராஜாவும் எழுந்துகொண்டார்.

"எவன்டா அங்க?" என்று உறுமிக்கொண்டே வந்தவர், விஷயத்தைக் கேட்டதும், "இவ்வளவுதானா? நானே கேட்கிறேன். ரெண்டும் மூணும் எத்தனை?" என்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ராஜா எந்தப் பங்கு பிரித்தாலும் அவர் பக்கம் எப்போதும் கூடுதலாகத்தான் வரும். பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்துப் பழகியதால், அவர் மனக்கணக்கில் ரெண்டும் மூணும் ஏழு.

பூவாயி தட்ட ஆரம்பித்தாள். ஐந்தாவது தட்டில் கொக்கின் கழுத்து இறங்கியது. அவள் ஓரக்கண்ணால் ராஜாவைப் பார்த்தாள். ராஜாவின் வால் இன்னும் விறைப்பாகத்தான் நின்றது. ஐயோ, இரண்டு முகம்! எதைப் பார்ப்பது? குட்டி புதரோரம் முனகியது. பூவாயிக்கு ஆயிரம் விஷயத்தில் குழப்பம் உண்டு, ஆனால் யார் முதலாளி என்பதில் மட்டும் என்றைக்கும் குழப்பம் வந்ததில்லை. ஆறாவது தட்டு தட்டினாள். ஏழாவதும் தட்டினாள். ராஜாவின் வால் பொத்தென்று தரையில் விழுந்தது. அவள் நிறுத்திக்கொண்டாள்.

"சபாஷ்! இதுவல்லவா அறிவு!" என்றார் ராஜா.

"மகாராஜா... அது... அஞ்சு" என்றது கொக்கு.

ராஜா மெதுவாகத் திரும்பினார். முதலில் வாயைத் திறந்தது நரிதான். "ஏழுதான் மகாராஜா. அஞ்சுன்னு சொல்லும்போதே எனக்கு ஒரு மாதிரி உறுத்துச்சு." குரங்கு ஏழு தட்டியது. யானையும் ஏழு தட்டியது.

அன்று மாலையே பூவாயி கழுத்தில் ஓலை ஏறியது. நிலையத்தின் தலைமையும் அவளுக்கே. மறுநாள் விடிகாலையில் குட்டி தெளிந்த தண்ணீரை வயிறு முட்டக் குடித்தது. நான்கு நாளில் எழுந்து துள்ளவும் ஆரம்பித்துவிட்டது. பூவாயி அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

கொக்கின் ஓலையைப் பிடுங்கிவிட்டார்கள். சேற்றில் மீன் தெரியாமல் அது பட்டினி கிடந்து மெலிந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் பரீட்சை எழுத வரிசையில் வந்து நின்றது.

"உட்காருங்க சார்" என்று மரியாதையாகச் சொன்ன பூவாயி, கற்களை இரண்டு குவியலாக வைத்தாள். "எத்தனைன்னு தட்டுங்க."

கொக்கு அலகால் தட்டியது. இந்த முறை அது கற்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பூவாயியின் காதுகளையே உற்றுப் பார்த்தது. எப்போது இறங்கும், எப்போது இறங்கும் என்று.

எப்படி இறங்கும்? விடை அவளுக்கும் தெரியாதே!

கொக்கு இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறது.

நீதி: பரீட்சைக்குப் போனால் கேள்வியைப் படிக்காதீர்கள், கேட்பவரைப் படியுங்கள். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் தட்டிக்கொண்டே இருங்கள், நிலையத்தில் மும்முரமாக வேலை நடக்கிறது என்று ராஜா நிம்மதியாகத் தூங்குவார்.