பிடிபட்ட வண்டியும் மகஜர் பாயும்

உலகத்திலேயே ஒரு குரங்குக்கு மகஜர் எழுதின ஒரே மனுஷன் எங்க செஞ்சிக்காரர்தான். சொன்னா நம்ப மாட்டீங்க. கோட்டைப் படியில குரங்கு அவர் பையைப் பிடுங்கிட்டு ஓடுது. நாமன்னா கல்லைத் தேடுவோம், அவர் பேப்பரைத் தேடினார். ‘கொய்யாப்பழம் மூணு, துண்டு ஒண்ணு’ன்னு பட்டியல் எழுதி, சுற்றிப் பார்க்க வந்த ரெண்டு பேர்கிட்ட சாட்சிக் கையெழுத்து வாங்கினார். கூட நின்ன நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

பொருளை யார் எடுத்தாலும், போலீஸ் ஜப்தி மகஜர் மாதிரி, பட்டியல், ரெண்டு சாட்சி, ஒரு நகல் வேணும் அவருக்கு. பஜார்ல சாக்குக் கடை வெச்சிருக்கார்; ‘மகஜர் பாய்’னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. பல் பிடுங்கின டாக்டர்கிட்ட, ‘கடைவாய்ப் பல் ஒன்று எடுத்துக்கொண்டேன்’னு எழுதி வாங்கிட்டுத்தான் நாற்காலியை விட்டு இறங்கினார். சுத்த லூசுன்னுதான் நானும் நினைச்சேன்.

அப்புறம் என் வண்டி பிடிபட்டது.

புதுசா பாத்திரக் கடை போடறேன். பெண்டாட்டி நகையை வித்து வாங்கின முதல் லோடு. சென்னையிலிருந்து வந்த வண்டி திண்டிவனத்துக்கிட்ட மக்கர் பண்ண, டிரைவர் சரக்கை வேற வண்டிக்கு மாத்திட்டான். சரக்கு எந்த வண்டியில வருதுன்னு காட்டற ஈ-வே பில்லுல பழைய வண்டி நம்பர் அப்படியே இருக்கு. ஜி.எஸ்.டி. ஸ்குவாட் மடக்கிடுச்சுன்னு டிரைவர் போன் பண்ணினான்.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சரக்கு மாட்டினா முதலாளி போனை அணைச்சிட்டு மறைஞ்சிடணும், அது எங்க பஜார் வழக்கம். நானும் அணைச்சேன். பாய் கடையில சாக்குக் கட்டுக்குப் பின்னாடி போய் உட்கார்ந்தேன்.

“இன்னாடா இங்க குந்திக்கினு இருக்கற?”

விஷயத்தைச் சொன்னதும் பாய்க்கு முகமே மாறிடுச்சு.

“அறிவிருக்குதா உனக்கு? ‘என் சரக்கு’ன்னு முன்னாடி வந்து நிக்கிறவனுக்கு அபராதம் கம்மி. ஓனரே வரலன்னா தீட்டிடுவாங்க. எந்திரி.”

“என்னைப் புடிச்சி உள்ள வெச்சிட்டா, பாய்?”

“சரக்கத்தான் புடிச்சிருக்காங்க, உன்ன இல்ல. ஏறு பைக்ல.”

சரக்கை மடக்கின இடத்துக்குப் போனதும் பாய் அதிகாரிகிட்ட அமைதியா ஆரம்பிச்சார். “எதுக்கு நிறுத்தினீங்கன்னு எழுத்துல குடுங்க சார். எங்க எதிர்லயே எண்ணிடுங்க.”

எண்ணினாங்க. பாயும் ஒவ்வொண்ணா கூடவே எண்ணினார். கடைசியில நிமிர்ந்து, “சார், பில்லவிட ஆறு கரண்டி கூட இருக்குது. எழுதிக்குங்க” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவி மனுஷா, நீ யார் பக்கம்? கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்துட்டு எழுதிக்கிட்டார். “சரி, ஓனர் யாரு?”

நான் பாயைப் பார்த்தேன். அவ்வளவு பேசற பாய் இப்ப என் முதுகில கையை வெச்சு முன்னால தள்ளினார்.

“நான்தான் சார்.”

நோட்டீஸ் தந்தாங்க. வண்டி ரிப்பேர் ஆனதுன்னு மெக்கானிக்கிட்ட பாயே போய் எழுதி வாங்கிட்டு வந்தார். அதை வெச்சுப் பதில் கொடுத்தோம். அந்த ஆறு கரண்டிக்கும் சேர்த்து சின்ன அபராதத்தோட சரக்கை விட்டாங்க. திரும்பி வரும்போது பைக் பின்னாடி உட்கார்ந்து அழுதேன். காதுல விழாத மாதிரி ஓட்டிட்டே வந்தார்.

திறக்கறதா இருந்த வெள்ளிக்கிழமை தள்ளிப் போய், அடுத்த வாரம்தான் கடை திறந்தேன். குத்துவிளக்குப் பக்கத்துல, என் நைனா உயிரோட இருந்திருந்தா நின்னிருக்கக்கூடிய இடத்துல, அவரைத்தான் நிக்க வெச்சேன்.