ஆற்றடியில் கிடந்த பெரட்டுத் தண்டவாளம்

காந்தம் பாலத்தின் இரும்புத் தூணைப் பற்றியது. பற்றியதை விட மறுத்தது.

"இழுடா ஷங்கர்!"

"இழுத்துக்கிட்டுதான்லா இருக்கேன்! நீ செஞ்ச காந்தம்தானே, நீயே சொல்லேன், விடுதான்னு பாப்போம்!"

யோகேந்திரன் அதட்டியும் பார்த்தான். மேடையேறினால் கூட்டத்தையே எழுந்து நிற்க வைக்கும் குரல் அது. காந்தத்திடம் மட்டும் செல்லவில்லை. தொழிலாளர் சங்கத்து ஒலிபெருக்கிகளைப் பிளந்து, உள்ளிருந்த காந்தங்களை அடுக்கி, பழைய சைக்கிள் சங்கிலியால் இறுக்கி, தன் கையாலேயே அவன் ஆக்கிய கருவி. ஆற்றடியில் புதைந்த வரலாற்றை மீட்கப் புறப்பட்ட அந்தக் கருவியை மீட்க இப்போது ஆள் தேவைப்பட்டது.

மலேசியாவில் லுக்குட் பக்கத்துத் தோட்டம் அது. வீடமைப்புக்கு விற்றாயிற்று, பழைய மண்டபம் திங்களன்று இடிபடும்.

"மண்டபத்தக் காட்சிசாலை ஆக்கணுமா? மொதல்ல காட்ட ஏதாச்சும் கொண்டாங்க மிஸ்டர் யோகா. ஞாயித்துக்கெழம கொண்டாந்தா சாவி உங்க கையில," என்று கம்பெனி மேலாளர் எட்மண்ட் சொல்லியிருந்தார்.

காட்டுவதற்கு ஒன்று இருந்தது, ஆற்றின் அடியில். விடியுமுன் ஆட்களைப் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு வரிசையில் நிறுத்தத் தட்டிய தண்டவாளத் துண்டு! அந்த அடிமைச் சின்னத்தை ஒருநாள் தொழிலாளர் ஆற்றில் வீசினர். அன்று ஒருவர்கூட ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுக்கப் போகவில்லை. தோட்டமே போற்றும் வேலைநிறுத்தம் அது. அதைத் துண்டறிக்கையாக எழுதி வீடுதோறும் கொடுத்தவன் யோகேந்திரன்.

"உன் மோட்டார்ல கட்டி இழுப்போம்," என்றான்.

கட்டினார்கள். ஷங்கர் மோட்டார் சைக்கிளை முறுக்கினான். காந்தம் திடீரென்று விட்டது. மோட்டார் கரையில் பாய்ந்தது. ஷங்கர் புல்லில் குதித்தான். மோட்டாரும் அதனோடு கட்டுண்ட காந்தமும் ஆற்றில் இறங்கின.

"அலாமாக்! என் மோட்டாரு!"

"கலங்காதே தோழா, எடுத்துடலாம்."

"எதால எடுப்ப? காந்தமும் அது கூடவே போச்சே!"

சோர்வு என்பது யோகேந்திரனின் அகராதியில் இல்லை. செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள்களைக் கொக்கிகளாக வளைத்து நைலான் கயிற்றில் கோத்தான். மாலையில் மனைவி ரதி பாலத்துக்கே வந்துவிட்டாள்.

"கொடியில கெடந்த கயிறு எங்க?"

"வரலாறு கேட்டுச்சு, குடுத்துட்டேன்."

"அந்த வரலாறு வந்து உங்க கைலியக் காயப்போடுமா?"

மறுமொழி சொல்லுமுன் கொக்கி எதிலோ மாட்டியது.

"என் மோட்டாருதான்!" என்று கத்தினான் ஷங்கர். வழியில் போனவர்களெல்லாம் கை கொடுத்தார்கள். கயிறு முனகியது, பாலத்தின் பக்கப் பலகை இரண்டு பெயர்ந்தது, சேறு வழிய மேலே வந்தது, துருவேறிய தண்டவாளத் துண்டு! தொங்கவிட்ட ஓட்டைகூட அப்படியே இருந்தது.

யோகேந்திரன் அதைத் தழுவிக்கொண்டான்.

"என் மோட்டாரு?"

"உன் தியாகத்தை நாளைய தலைமுறை போற்றும்!"

"நாளைக்கு வேலைக்கு எதுலடா போறது?"

ஞாயிறன்று மண்டபம் நிரம்பியது. தண்டவாளத்துக்கு மாலை விழுந்தது. குடல் பிடுங்கப்பட்ட ஒலிபெருக்கிகள் மூலையில் கிடக்க, யோகேந்திரன் வெறுங்குரலிலேயே முழங்கினான்.

"தோழர்களே! இது இரும்பல்ல, இதயம்! ஆதிக்கத்தின் நாவை அறுத்து ஆற்றிலே எறிந்தார்களே, அவர்கள் கூலிகளா? இல்லை, கொள்கைக் குன்றுகள்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. எட்மண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கம்பெனி வாக்கு வாக்குதான். மண்டபம் இனிமே உங்களோடது," என்று சாவியைக் கொடுத்தார்.

வெற்றிக் களிப்பில் யோகேந்திரனின் பார்வை முன்வரிசையில் விழுந்தது. அக்காலத்தில் இங்கே பால்மரம் வெட்டிய பஞ்சாலைக் கிழவி, நீலாய் நகரில் உள்ள மகன் வீட்டிலிருந்து விழாவுக்கென்றே வந்திருந்தாள். கைத்தாங்கலாக அவளை மேடையேற்றினான்.

"அந்த நாளைக் கண்ணால் கண்ட தாய் இதோ! சொல்லுங்கம்மா, இதைத் தூக்கி எறிந்த அந்த வீரக் கை யாருடைய கை?"

பஞ்சாலை தண்டவாளத்தைத் தடவிப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள்.

"என் கைதாம்பா, பெரட்டு தட்டுற எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு எந்திரிக்கல, வேலை வாங்குற மண்டோரு கேட்டா தண்டவாளத்தையே காணோம்னு சொல்லிக்கலாமுன்னு ஆத்துல போட்டுட்டேன், சத்தம் கேக்காம தோட்டமே அன்னிக்குத் தூங்கிப்போச்சு!"