மேடை துறந்தவனின் அண்ணன்

ரூவான், செவ்வாய்க்கிழமை

தங்கை பெரினுக்கு அண்ணன் கெர்வே எழுதுவது. தியெப் துறைமுகத்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்கத் தேவமாதா அருள்வாளாக. இங்கே ஒருவரும் சாகவில்லை. அதுதான் பிரச்சினை.

நம் தம்பி பஸ்தியான் ஞாயிறு மதியம் நான்கு டஜன் சிப்பிகளைத் தின்றுவிட்டு, "போறேன்ணே" என்று என் கட்டிலில் விழுந்தான். நகமெல்லாம் நீலம். ஓடிப்போய்ப் பங்குச் சாமியாரை அழைத்துவந்தேன். நாடகத் தொழிலைத் துறக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் நடிகனுக்குச் சாகும் நேரத்து அவஸ்தைப் பூசுதலும் கல்லறைத் தோட்டத்தில் இடமும் என்பது உனக்குத் தெரியும். நம் வீட்டுப் பிள்ளையைச் சுண்ணாம்புக் குழியில் வீசுவதா? தாளை நானே எழுதினேன். "இனி மேடை ஏறேன்" என்று கையெழுத்திட்டான். நான் தேம்பி அழுதேன். பார்த்தால், ஆறு மணிக்கு எழுந்து உட்கார்ந்து வெங்காய சூப் கேட்கிறான்!

இப்போது மேடை ஏறினால் சத்தியம் மீறியவன். ஏறாவிட்டால் இன்றைய நாடகம் இல்லை. பழி யாருக்கு? எனக்கு! "சாகத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா சாமியாரக் கூப்ட்டே?" என்று அவன் நாடகக் கம்பெனித் தலைவி மதாம் குலோத் தெருவில் நின்று கத்துகிறாள். தம்பியோ, "நீதானேண்ணே எழுதினே, நீயே போயித் திரும்ப வாங்கிட்டு வா" என்கிறான். போய்க் கெஞ்சினேன். "யோசிக்கலாம்" என்றார் சாமியார்.

தம்பி எழுதிய ஏழு நாடகங்களிலும் என்னைப் போலவே ஒரு லத்தீன் வாத்தியார் வந்து உதை வாங்குவார். என் தும்மல், என் பழுப்புக் கோட்டு, நான் விரல் தூக்கிப் பேசுவது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இவனே நடிப்பான். என் மாணவர்கள் முன்வரிசையில் கைதட்டுவார்கள். இருபது வருஷமாகப் பொறுத்தவன் நான். சற்றுமுன் அந்த மதாம் வந்து என்ன கேட்டாள் தெரியுமா? "வாத்தியாரே, கோட்டும் உங்களோடது, மூக்கும் உங்களோடது. வசனம் நீங்க வீட்ல பேசுறதுதானாம். ஒரே ஒரு நாள் வந்து அடி வாங்கிட்டுப் போங்களேன்!"

படித்த மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது! கதவை அறைந்து சாத்தினேன். பெரின், செத்தாலும் அந்தப் பலகையில் கால் வைக்கமாட்டேன்.

பிள்ளைகளின் நெற்றியில் என் பேரால் சிலுவை போடு.

அண்ணன்,
கெர்வே

பி.கு.: தபால் வண்டி புதன்கிழமைதான் கிளம்புகிறது. தடியில் பஞ்சு சுற்றியிருக்கிறார்கள், வலிக்கவே இல்லை. மூன்றாவது அடிக்கு நானே சொந்தமாக ஒரு லத்தீன் வசவு சேர்த்தேன், கொட்டகை அதிர்ந்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. சாமியார் இன்று காலை மனமிரங்கித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் கோட்டுப் பையில் இருக்கிறது. ஞாயிறு ஆட்டத்தையும் நான் ஆடி முடிக்கும்வரை அங்கேயே இருக்கட்டும். தம்பிக்கு எழுதிவிடாதே.