கால் பட்டால் ஐந்து யார்ட்

எதையும் அளந்து பார்த்தால் புரிந்துவிடும் என்று நம்புகிறவர்களைக் குடும்ப விஷயங்களுக்குள் விடவே கூடாது. நான் அப்படிப்பட்டவள். மெல்பேர்னில் ரயில் கதவுகளைச் சோதிப்பது என் தொழில். ஒரு கதவை ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடவைத்து, குறைகளைப் பட்டியலிட்டு, கீழே கையெழுத்து வைப்பேன். (இதற்குப் பொறியியல் படிக்க வேண்டுமா என்று அப்பா இன்னும் கேட்கிறார்.)

நோபல் பார்க்கில் இருக்கும் மாமி, அப்பாவின் தங்கை, ஒருநாள் போனில் சொன்னார்: "கதவுதானே பிள்ளை உன்ர வேலை. இஞ்ச ஒரு கதவு கிடக்கு. வந்து திறந்து பார்."

அது மாமியின் மகன், என் மச்சான் செந்தூரனின் அறைக் கதவு. மாமா வரவேற்பறையில் திடீரென்று விழுந்து இறந்து எட்டு மாதமாகியிருந்தது. அன்று வீட்டில் கூட இருந்தவன் செந்து மட்டும். அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தை விட்டான், நண்பர்களை விட்டான், கடைசியில் சாப்பாட்டு மேசையையும் விட்டான். மாமி சாப்பாட்டுக் கோப்பையைக் கதவடியில் வைத்துவிட்டுப் போவார்.

என் அலுவலகத்தில் கிரெக் என்றொருவர். வார இறுதிகளில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். தொழில்முறை அணியல்ல. பிளம்பர்களும் கணக்காளர்களும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மோதிக்கொள்ளும் சிறிய அணி. ஆட்டக்காரர்களை அளந்து எண்களைப் பார்த்துக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. ஒரு சனிக்கிழமை பந்துப் பைகளைத் தூக்க ஆள் வேண்டுமென்று பொய் சொல்லிச் செந்துவைக் கூட்டிப்போனேன். ஆறடிக்கு மேல் உயரம், அகலத்தில் எங்கள் குடும்பத்தின் இரண்டு பேர். அவனைக் கண்டதும் கிரெக்கின் கண் விரிந்தது. "குனி தம்பி, பந்தைக் காலுக்கு நடுவால் பின்னுக்கு அனுப்பு" என்றார். பந்து நூல் பிடித்ததுபோலப் போய் விழுந்தது.

அன்றிரவு செந்து மேசைக்கு வந்து சாப்பிட்டானாம். "ரெண்டாந்தரம் சோறு கேட்டவன்" என்று மாமி போனில் அழுதார்.

அந்த ஆட்டத்தில் நடுவில் குனிந்து நிற்பவருக்குப் பெயர் சென்டர். அவர் பந்தைக் கொடுத்தால்தான் ஆட்டமே தொடங்கும். முன்வரிசை ஆட்கள் குனிந்து தயாரான பிறகு பந்து நகரும்வரை ஒருவரும் அசையக் கூடாது. அசைந்தால் விசில், அணி ஐந்து யார்ட், அதாவது ஐந்து கஜம், பின்வாங்க வேண்டும். இவ்வளவு தெரிந்தால் என் கதைக்குப் போதும்.

பருவம் தொடங்குமுன் புதிய ஆட்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். கடைசிச் சுற்று என்பது கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி மாதிரி, மிஞ்சியது எதுவோ அதுதான். அதிலும் எடுபடாதவர்கள் அடுத்த வருடம் வரலாம். செந்துவுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதவு திரும்ப மூடினால் திறக்க என்னிடம் வேறு பொய் இல்லை.

ஆகவே சோதித்தேன். குனியும் உயரம், பந்து போகும் வேகம், நேர்கோட்டிலிருந்து விலகல், களைத்த பிறகு விலகல், ஈரப் பந்தோடு விலகல். எல்லாம் பிரமாதம். கடைசிச் சுற்றில் எங்கள் முறை வந்தபோது கிரெக் என்னைப் பார்த்தார்.

"உன் சொந்தக்காரன்தானே?"

"ஆமாம். ஆனால் எண்களுக்குச் சொந்தபந்தம் கிடையாது" என்றேன். (இந்த வசனத்தை முதல்நாளே கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்தேன்.)

எடுத்தார்கள்.

முதல் ஆட்டத்துக்கு மாமி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தார். கூடவே தெருவில் பாதியையும் கூட்டிவந்தார். முதல் விசில் எங்களுக்கு எதிராக ஒலித்தது, ஏனென்று ஒருவருக்கும் புரியவில்லை. அடுத்ததுக்கும் புரியவில்லை. மூன்றாவதில்தான் கண்டேன். செந்துவுக்குப் பக்கத்தில் நிற்பவர் சியோனே, பசிபிக் தீவு நாடான தொங்காவைச் சேர்ந்தவர், எங்கள் குளிர்சாதனப்பெட்டி அளவு. இருவரும் நெருங்கிக் குனியும்போது செந்துவின் கால் சப்பாத்து சியோனேயின் சப்பாத்தில் உரசியது. உடனே செந்துவின் இடது கை போய் சியோனேயின் முழங்காலைத் தொட்டு, தன் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பார்த்தது. தலைக்கவசக் கம்பி தடுத்ததால் கம்பியில் ஒற்றிக்கொண்டது.

விசில். நடுவர் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் உருட்டிக் காட்டினார். ஐந்து யார்ட்.

நான் அவனைத் தனியாக வைத்துத்தான் சோதித்திருந்தேன். பக்கத்தில் ஒரு மனிதரை நிறுத்திப் பார்க்கவேயில்லை. கதவை ரயில் பெட்டியில் பொருத்தாமல் கையெழுத்து வைத்தவள் நான். போதாக்குறைக்கு, யாருக்காவது கால் பட்டால் என் கையும் அப்படித்தான் போகும். மூன்று வயதிலிருந்து போகிறது.

எழுந்து நின்று கத்தினேன்: "செந்து! கால் பட்டால் படட்டும்! தொட்டுக் கும்பிடாதை!"

மைதானம் முழுக்கக் கேட்டது. அர்த்தம் புரிந்தவர்கள் எங்கள் வரிசை மட்டுமே.

"என்ன பிள்ளை," என்றார் பக்கத்து வீட்டு அன்ரி, "பொடியனுக்குத் தாய் தேப்பன் பழக்கின நல்ல பழக்கத்தை விடச் சொல்லுறீர்?"

"இல்லை அன்ரி, விளையாட்டுச் சட்டம்..."

"அப்பிடியென்ன சட்டம்! கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேணும். வெள்ளைக்காரனும் மனுசன்தானே."

"அவர் தொங்காக்காரர், அன்ரி."

"அப்ப அவரும்தான்."

நான்காவது விசிலும் ஒலித்தது. கிரெக் தொப்பியைக் கழற்றிப் புல்லில் எறிந்தார்.

இடைவேளையில் செந்து மைதான ஓரத்து வாங்குப் பலகையில் தனியாக இருந்தான். நான் தீர்வுகளோடு போனேன். (போகாமல் இருந்திருக்கலாம். இருக்க மாட்டேன்.)

"மூன்று வழி இருக்குது. ஒன்று, அரை அடி தள்ளி நில். இரண்டு, இப்பவே போய் சியோனேயைத் தொட்டு, முழு ஆட்டத்துக்கும் சேர்த்துக் கும்பிட்டு விடு. மூன்று, அதை யோசிக்காமல் இரு."

அவன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சாள்," என்றான். "அண்டைக்கு அப்பா விழுந்து கிடக்கேக்க நான் போன் எடுக்கப் பாய்ஞ்சனான். என்ர கால் அவற்ற தலையில பட்டது. நல்லாப் பட்டது. தொட்டுக் கும்பிட நேரமில்லை. பிறகு அம்புலன்ஸ்காரர் என்னைக் கிட்ட விடேல்லை. பிறகு..."

கையுறையின் பட்டையை இழுத்து இறுக்கினான்.

"அதாலதான் அவர் செத்தவர் எண்டு நான் நினைக்கேல்லை. எனக்குத் தெரியும், ஹார்ட். ஆனா கை சொன்னாக் கேக்குதில்லை."

திரும்பினால் மாமி ரோல்ஸ் பெட்டியோடு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"ஆறப்போகுது," என்றார். இரண்டை எடுத்து அவன் கையில் வைத்தார். அவன் கையுறையைக் கழற்றாமலே தின்றான். மாமி அவனருகில் அமர்ந்து, பெட்டியின் மூடியைச் சரியாக மூடுவதிலேயே கவனமாக இருந்தார். அந்த மூடி ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

கிரெக்குக்கு விளக்க வேண்டியது என் தலையில் விழுந்தது. கால், மரியாதை, கண், ஒற்றிக்கொள்வது என்று நான் ஆங்கிலத்தில் உளறியதில் அது ஏதோ நரம்புத் தளர்ச்சி என்று நினைத்துவிட்டார். சியோனேதான் குறுக்கிட்டார். "எங்கள் வீட்டில் காலுக்குப் பதில் தலை. தாத்தாவின் தலைக்கு மேலால் ஒரு சாமானை எடுத்தால்கூட மன்னிப்புக் கேட்போம். நான் தள்ளி நிற்கிறேன், கோச்."

தள்ளி நின்றார். மனசு பெரிது, இடைவெளியும் பெரிதாகிப் போனது. அதற்குள்ளால் எதிரணிக்காரர்கள் காலை எட்டு மணி ரயிலில் ஏறுகிறவர்கள்போலப் புகுந்து, எங்கள் பந்து வீசுகிறவரைத் தரையோடு தரையாக்கினார்கள். எவ்வளவில் தோற்றோம் என்று சொல்லப்போவதில்லை. மாமியின் தெரு மட்டும் கடைசிவரை கைதட்டியது.

அடுத்த வாரம் சென்டருக்கு வேறு ஆளைப் போட்டார்கள். என் மதிப்பீடுகளைக் கிரெக் அதற்குப் பிறகு வாசித்ததாகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை பயிற்சி நேரத்துக்கு நான் மாமி வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஹோர்ன் அடிக்கத் தைரியமில்லாமல் காத்திருந்தேன். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு செந்து பையோடு வந்து ஏறினான். "என்னைத் தடுக்கிற பக்கத்தில போடப்போயினமாம்," என்றான். "அங்க அசையலாமாம்."

தடுக்கிற பக்கத்திலும் அவன் பெரிய ஆட்டக்காரனாகவில்லை. விழுத்திய ஆளையெல்லாம் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எழும்பினால் எப்படி ஆவது?

மாமாவின் ஆண்டுத் திவசத்தன்று வீடு நிறைய ஆட்கள், எல்லோரும் நிலத்தில் பந்தி. நான் இரண்டு கையிலும் சாம்பார் வாளியோடு போகையில் மாமியின் முழங்காலில் கால் தட்டிவிட்டது. தொடக் கை இல்லை. அப்படியே விறைத்து நின்றேன். மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு வருடத்தில் நான் பார்க்காத முகம். நடுவர் செய்ததுபோல இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் உருட்டி, "அஞ்சு யார்ட்!" என்றார்.

பந்தியே சிரித்தது. செந்துவும் சிரித்தான். சிரித்து முடியாமல் எழுந்து குசினிக்குப் போனான். தண்ணீர்க் குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் பின்னால் போகவில்லை.

இப்போது எங்கள் வீடுகளில் யாருக்காவது கால் பட்டால் முதலில் தொட்டுக் கும்பிட்டு, பிறகு கையை உருட்டி, "அஞ்சு யார்ட்" என்கிறோம். ஆங்கிலத்தில் மட்டும் பேசும் சின்னதுகளும் இதைப் பிழையில்லாமல் செய்கின்றன. செந்து கையை உருட்டுவதில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு தரம் குனிந்து தொட்டுக் கும்பிடுவான். அது யாருக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை.